இரண்டே கால் அளவு

லாவெர்ன் முதலில் துப்பாக்கியே காட்டவில்லை.
"வேலையில் எத்தனை தடவை குனிவாய்?" என்றாள்.

நான் எண்ணியதில்லை.
கீழ்த்தட்டில் தண்ணீர்க் கட்டுகள்,
தலைக்கு மேலே சிகரெட் அட்டைப்பெட்டிகள்.
எட்டி எடுக்கும்போது சட்டை இடுப்பை விட்டு ஏறும்.
பன்னிரண்டு மணிக்குத் தரை துடைப்பு,
அப்புறம் காபி இயந்திரத்தில் கசடு தட்டல்.
இரண்டு மணிக்குமேல் ஆள் வராத நேரத்தில்
லாட்டரிச் சீட்டை எண்ணுவேன்.

"அப்படியானால் பின்னிடுப்பு வேண்டாம், வாடி."

வடிவாம்பாளை அவள் வாடி என்று சுருக்கியிருந்தாள்.
மேக்கன் நகரத்தில் என்னை
இத்தனை உரிமையோடு கூப்பிடுகிறவள்
அவள் ஒருத்திதான், அது அவளுக்குத் தெரியாது.

சரிதான் அவள் சொன்னது.
சிகரெட் எடுக்கத் திரும்புகிற ஒவ்வொரு முறையும்
என் முதுகு
வரிசையில் நிற்பவருக்குச் சொந்தம்.

கண்ணாடிமேல் ஒரு துணி விரித்து
ஒவ்வொன்றாக வைத்தாள்.
சின்னதுதான் மறையும், ஆனால்
சின்னதுதான் அதிகம் உதைக்கும்.
கடுகுக்குச் சொன்னதை இதற்கும் சொல்லலாம்.
பெரியது சாதுவாம்,
ஆனால் குனிந்தால் வயிற்றில் குத்தும்.
மூன்றாவதின் ஸ்லைடை இழுக்கச் சொன்னாள்.
தினம் நூறு பெட்டி அடுக்குகிற கை
அந்த ஒரு விரற்கடை இரும்பிடம் தோற்று நின்றது.

என் விரல்களைச் சேர்த்து அமுக்கிப் பார்த்தாள்,
வளையல் கடையில் பார்ப்பது போல.
ரெண்டே கால், என்றேன் தமிழில்.
என்ன? என்றாள்.
ஒன்றுமில்லை.

பிப்ரவரியில் வந்த பையனுக்கு
ரெண்டே கால் போதாது, கொஞ்சம் பெரிய கை.
ஈரத் தொப்பிக்குள் முகம் தெரியவில்லை,
அதனால் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நகத்தைக் கடித்துக் கடித்துச் சதை தெரிந்தது.
துப்பாக்கி ஆடிய ஆட்டத்தில்
அவனுக்கும் அது அளவில்லை என்று இப்போது தோன்றுகிறது.
இருநூற்றுப் பன்னிரண்டு டாலர்.
போகிறபோது ஒரு பாக்கெட் பீச் மிட்டாய்.
"சாரி, மேம்."

முதலாளி கிரித் பாய் மறுநாள்
கேமராவை ஓரடி உயர்த்தினார்.
கடையில் ஆயுதம் கூடாது என்று தாளில் இருக்கிறது,
நான் யாருடைய சட்டையையும் தூக்கிப் பார்ப்பதில்லை,
என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

வழுதி லாரியில் டென்னசி பக்கம் போய்க்கொண்டிருந்தான்.
வேண்டாம் என்றான் போனில்.
வேலை வேண்டாமா, அது வேண்டாமா என்றேன்.
சிக்னல் போய்விட்டது, அல்லது
போனதாக வைத்துக்கொண்டோம்.

இரண்டாவதுதான் கைக்கு நின்றது.
நானூற்று முப்பது டாலர்.
மணிக்குப் பதினொன்று எனக்கு.
நாலு இரவு அங்கே தனியாக நின்றால்
அங்கே தனியாக நிற்பதற்கானதை வாங்கலாம்.
"சுடப் பழகாமல் இதைக் கட்டிக்கொண்டு போகாதே,
அவன் பிடுங்கிவிடுவான்," என்றாள் லாவெர்ன்.
நாற்பது முன்பணம் கட்டினேன்.
பெயர் எழுதிய சீட்டை அதன்மேல் ஒட்டி
உள்ளே எடுத்துப் போனாள்.

அன்று இரவு எண்ணினேன்.
அறுபத்திரண்டாவது குனிவில் கதவு மணி அடித்தது.
நிமிர்வதற்குள்
கை வலது இடுப்புக்குப் போயிருந்தது,
அங்கே பெல்ட்டும் நானும்தான் இருந்தோம்.

"நாலாம் பம்ப், இருபது டாலர்."
கட்டட வேலைக்காரர், பூட்ஸ் முழுக்கச் செம்மண்.
பணத்தை நீட்டியவர்
என் கை இருந்த இடத்தைப் பார்த்தார்.
"வயிற்று வலியா?"

ஆமாம் என்றேன்.

"மூன்றாவது வரிசையில் மாத்திரை இருக்கும்,
பேட்டரிக்குப் பக்கத்தில்,"
என்று என் கடைக்குள்
எனக்கு வழி சொல்லிவிட்டுப் போனார்.